தப்பட்டையைக் கீழே வைத்தவர்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில், ஆலைகளின் புகைபோக்கிகளுக்கு அப்பால், தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாய் வழங்கும் சேரிகள் உண்டு. அங்கு வாழும் அருந்ததியரின் உறவினரே ஆந்திரத்து மாதிகர். அந்த மாதிகரைப் பற்றிய ஆங்கில ஏடொன்றை அண்மையில் படித்தோம். ஓங்கோல் பாப்டிஸ்ட் பாதிரியார் ஜான் கிளவின் துணைவியார் எம்மா 1899இல் வெளியிட்ட 'வைல் சோயிங் சாண்டல்ஸ்', அதாவது 'செருப்புத் தைக்கையிலே'.

எம்மையார் சாமானியரல்லர். பெண்ணுரிமைக்குப் போர்க்குரல் எழுப்பிய மேரி உல்சுடன்கிராப்ட் பற்றி 1898இல் ஆய்வுநூல் தந்தவர். அடிமைத்தளையின் கனத்தை அறிந்த எழுதுகோல் அது. மாதிகரின் வாய்மொழியைக் கேட்டு அவர்தம் வாழ்வைத் தீட்டியிருக்கிறார். எனினும் 'தெலுங்குப் பறையர் குலம்' என்று நூலின் துணைத்தலைப்பிலேயே முத்திரை குத்துவானேன்?

மாதா கோயிலில் சேர்ந்தோருக்கு மூன்று கட்டளைகள்: ஞாயிறன்று வேலை கூடாது, செத்த மாட்டை உண்ணக் கூடாது, சிலை வணக்கம் கூடாது. ஏட்டில் படித்தால் எளிது! திருவிழாவில் தப்பட்டை அடிக்க மாட்டேன் என்று ஊர்ப் பெரியதனக்காரர் முகத்துக்கு நேரே சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! சொன்னார்கள், தோழர்களே. ஊர் சீறியது, துன்புறுத்தியது, அவர்கள் பணியவில்லை.

"கஞ்சிக்கு மதம் மாறினர்" என நம்மவரிலும் சிலர் ஏளனம் பேசுவதுண்டு. 1876–78 பஞ்சத்தில் பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தைக் கிளவ் எடுத்து, பட்டினி மக்களுக்குக் கூலி தந்தார். அப்போது கேட்டவர்க்கும் ஞானஸ்நானம் தர மறுத்தார். நிவாரணம் நின்ற பிறகே, 1878 சூலை 3ஆம் நாள், குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் இறங்கினர். கஞ்சி தீர்ந்தபின் வந்தவர்களைக் கஞ்சிக்கு வந்தவர் என்பது பகுத்தறிவாகுமா?

பாதிரிமார் இதனை ஆவியின் அருள் என்பர். நமக்கு அதில் உடன்பாடில்லை. கிணற்றிலும் தெருவிலும் விலக்கப்பட்டவன், தன்னை மனிதனென்று மதித்த முதற் கதவில் நுழைந்தான். எம்மையார் ஆண்டவனுக்கு அளித்த புகழை நாம் அந்த மக்களுக்கே அளிப்போம்.

ஆற்றில் இறங்கியும் சாதி கரைந்ததா? 2009இல் தமிழ்நாடு அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தது. மாதிகரும் அப்பட்டியலில் உள்ளனர். ஆனால் கிறித்தவராகிவிட்டவர் அதைக் கோர முடியாது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தடுக்கிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்த ஆணை தளர்ந்தது. செருப்புத் தைத்த கைதான் இவருடையதும். சேரியும் அதே சேரிதான். சான்றிதழில் மட்டும் வேறு ஆள்.