பால் காட்டா வினையும் பால் காணும் மனமும்

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பாறசாலையை அடுத்த எல்லையூர்களில் இரு மொழிகளும் அருகருகே வழங்குகின்றன. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ளக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வழிசெய்துள்ளமையால், மொழிபெயர்ப்பு இங்கு இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. இரு மொழிகளும் நெருங்கியவை, ஆதலின் பெயர்ப்பு எளிது என்பது பொதுக் கருத்து. வினைமுற்று இக்கருத்தை மறுக்கிறது.

மலையாளம் தமிழினின்றும் வேறுபட்டமைக்கு ஏ. ஆர். ராஜராஜ வர்மா ‘கேரள பாணினீய’த்தில் காட்டும் ஆறு நயங்களுள் ஒன்று ‘புருஷபேத நிராசம்’. வினை, பாலும் இடமும் காட்டும் விகுதியை இழந்தமையை அது குறிக்கும். ‘டாக்டர் வந்நு’ என்பது மலையாளத்தில் நிறைவான தொடர். தமிழிலோ வந்தான், வந்தாள், வந்தார் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். மூலம் சொல்லாததைப் பெயர்ப்பாளர் சொல்ல நேர்கிறது. அதை அவருக்குத் தருவது பனுவலன்று, பழகிய மனப்படிவம். மருத்துவர் ‘வந்தார்’ ஆகிறார். வீட்டு வேலைக்கு நிற்கும் ஆள் ‘வந்தாள்’ ஆகிறது. பாலும் மதிப்பும் ஒரே விகுதியில் வழங்கப்பட்டு விடுகின்றன. பிறரைப் பற்றிய செய்திகளை மனம் பால்சார்ந்த வார்ப்புகளில் இட்டே ஒழுங்குசெய்கிறது என்று சான்ட்ரா பெம் 1981இல் முன்வைத்த கொள்கைக்கு இது தக்க சான்று.

‘ஆர்’ விகுதி இருபாற்கும் பொது என்று பள்ளி இலக்கணம் விடை கூறும். வழக்கு அதற்கு இடந்தருவதில்லை. பேச்சுத் தமிழில் ‘அவரு’ பெரும்பாலும் ஆணையே சுட்டும். மதிப்பிற்குரிய பெண் ‘அவங்க’ எனப்படுவார். மலையாளத்திலோ மதிப்பிற்குரிய ஆண் ‘அத்தேஹம்’, பெண்ணே ‘அவர்’. எனவே ஒரு பெண்ணைக் குறித்த ‘அவர் பறஞ்ஞு’ என்பது ‘அவர் சொன்னார்’ என வருமிடத்துச் சொல் மாறவில்லை, ஆள் மாறிவிடுகிறார்.

தென்கேரளத்தில் ஆசிரியைகளையும் ‘சார்’ என விளிக்கும் வழக்குண்டு. ‘சார் வந்நு’ என்ற தொடரைத் தமிழில் படிப்பவர் ஆணையே காண்பர். ‘சார்’, ‘மேடம்’ ஆகியவற்றை விடுத்து ‘டீச்சர்’ என்றே அழைக்கவேண்டும் எனக் கேரளக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023 சனவரியில் பணித்தது. விளிச்சொல்லை ஆணையால் மாற்றலாம். வாசகர் மனத்தில் எழும் உருவை அவ்வாறு மாற்றவியலாது.

தொல்காப்பியர் இதற்கு நெறி வகுத்துள்ளார். உயர்திணை எனத் தெளிந்து பால் ஐயுற்றவிடத்துப் பன்மையாற் கூறுக என்பது கிளவியாக்கத்தின் விதி. ஐயத்தை ஐயமாகவே நிறுத்தும் நேர்மை அதிலுண்டு. இன்றைய ‘ஆர்’ வடிவால் அப்பன்மையின் வழிவந்ததாயினும், பயனால் ஐயத்தை அகற்றி ஆணை நிறுவுகிறது.

ஆகவே மூலத்தின் பிறிதோரிடம் பெண் எனத் தெளிவிப்பின், முதல் வருகையிலேயே ‘மருத்துவர் அம்மையார்’ என்றாற்போல் அதனை வெளிப்படுத்துதல் வேண்டும். எங்கும் தெளிவில்லையெனில் ‘மருத்துவரின் வருகைக்குப்பின்’ எனப் பெயர்த்தொடரால் அமைக்கலாம். நெடிய கதையில் இம்முறை நடையை இறுக்கும் என்பது உண்மையே. துருக்கி மொழியின் பால் காட்டாத தொடர்களுக்குக் கூகுள் மொழிபெயர்ப்பு 2018 இறுதியில் ஆண், பெண் இரு வடிவங்களையும் தரத் தொடங்கியது. பொறிக்கு உணர்த்தப்பட்ட ஐயம் பெயர்ப்பாளர்க்கு இயல்பாதல் வேண்டும். இல்லையேல், எல்லையூர் அலுவலகத்துக் கோப்பில் ஒப்பமிட்ட பெண் அதிகாரி, தமிழ்ப் படியில் ஆணாகவே வாழ்வார்.