ஏவியவரும் இயற்றியவரும்: பொதுவிடச் சிற்பங்களின் பெயர்ப்பொறிப்பு

மூன்றாம் வேற்றுமைக் கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என இலக்கணிகள் இருவகைப்படுத்துவர். கோயிலுக்கு அரசன் முன்னவன், தச்சன் பின்னவன்.

பொதுவிடச் சிற்பங்களின் பெயர்ப்பொறிப்புகள் பெரும்பாலும் முன்னவனையே பேணுகின்றன. திருப்பதி மாவட்டத் திருமலையில், கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயர், தேவியர் திருமலாதேவி, சின்னாதேவி ஆகியோரின் செப்புப் படிமங்களில் அவர்தம் பெயர்களே பொறிக்கப்பட்டுள்ளன. உருவாக்கிய கலைஞனுக்கு அங்கு இடமில்லை.

தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் முதலாம் இராஜராஜன் ஆளும் வினை 'எடுப்பிச்ச' என்பதாகும். இப்பிறவினை, ஏவியவனைக் கூறி இயற்றியவனை மறைக்கிறது. எனினும், அக்கோயிற் கல்வெட்டுகளே வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சனையும் பெயர் சுட்டுகின்றன. அப்பட்டமும் அரசன் பெயரைத் தாங்கியதே என்பது கருதத்தக்கது.

ஆகவே, இன்று நிறுவப்பெறும் சிலைகளில் திறந்துவைத்தவர் பெயரோடு சிற்பியின் பெயரையும் பொறித்தல் புதுமையன்று. ஆயிரமாண்டு முன்மாதிரி உடையதேயாகும்.