1:32ல் ஒரு ஹெரால்டு

மாடல் கார் செய்பவர்கள் மத்தியில் 'அச்சு அசல்' என்பதுதான் பெரிய பாராட்டு. போட்டோ எடுத்துப் போட்டால் நிஜ வண்டியா பொம்மையா என்று தெரியக்கூடாது. நானும் இந்தப் பாராட்டுக்கு ஆசைப்பட்டவன்தான். இப்போது அதன்மேல் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அடுத்தவர் வேலையை இழுக்காமல், நான் செய்த ஒன்றை வைத்தே பேசிவிடுகிறேன்.

வண்டி என் பெரிய மாமாவுடையது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 2, இரண்டு கதவு. மூலம் கவென்ட்ரியில் 1959ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு. வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து அதே வண்டி சென்னைக்கு வெளியே, வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில், ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரானது. அதே 948 சிசி இன்ஜின். மாமா அதை 1976ல் மூணாவது கையாக வாங்கினார். கும்பகோணத்தில் பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டு 1994ல் விற்றார்.

ஏர்ஃபிக்ஸ் கம்பெனி முன்பு ஹெரால்டுக்கு 1:32 அளவில் ஒரு பிளாஸ்டிக் கிட் போட்டிருந்தது. பழைய பெட்டி ஒன்று கிடைத்தது. நிஜ வண்டியின் நீளம் 3886 மில்லிமீட்டர். இந்த அளவில் பன்னிரண்டு சென்டிமீட்டர் சொச்சம். ஸ்டியரிங் அங்கேயும் வலது பக்கம்தான் என்பதால் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. பெயர்ப்பட்டை எழுத்து இந்த அளவில் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. ட்ரையம்ஃப் ஸ்டாண்டர்டு ஆக ஒரு பைசா செலவில்லை.

முதல் சிக்கல் கணக்கில்தான். 32ஆல் வகுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். கதவு இடுக்கைக் காட்ட அரை மில்லிமீட்டர் கோடு கீறினால் நிஜத்தில் அது 16 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்தால், வண்டிமேல் 3.2 மில்லிமீட்டருக்குச் சாந்து பூசின மாதிரி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹெரால்டு தனிச் சேஸிஸ்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுச் சேர்த்த பாடி. இடுக்குகள் ஒழுங்காக இல்லை என்பது அதன்மேல் இருந்த பழைய குறை. ஆக, என் கீறல் தடிமனாகப் போனதுகூட ஓரளவு உண்மைதான் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்!

பின் சக்கரத்துக்கு அப்படி ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை. ஹெரால்டுக்குப் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அரை அச்சு தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். ஆள் ஏறினால் சக்கரத்தின் தலைப்பகுதி உள்வாங்கி அடிப்பகுதி வெளியே அகலும். கல்யாணத்துக்கு ஏழு பேர், மேலே இரண்டு டிரங்குப் பெட்டி என்று கிளம்பினால் வண்டி பின்னங்காலை அகட்டி நிற்கும். அந்த நிற்பைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று தெருக்கோடியில் சொல்லிவிடுவோம். இந்திய மெக்கானிக்குகளுக்கு இந்த அமைப்பு பிடிக்கவில்லை. 1972ல் வந்த கெஸலில் இதை எடுத்துவிட்டு நேர் அச்சு போட்டார்கள். என் மாடலில் இருப்பதும் நேர் அச்சுதான். சக்கரம் நட்டமாக நிற்கிறது, யாருமே ஏறாத வண்டி போல. மாமா வீட்டு வாசலில் அப்படி அது நின்றதே கிடையாது.

சரி, பழசாகக் காட்டலாம் என்று துரு பூச உட்கார்ந்தேன். இந்த உலகத்தில் இது ஒரு தனிக் கலை. பிரவுன் பொடி, உரிந்த பெயின்ட், சக்கரத்தில் சேறு. நன்றாகச் செய்தவர்களைப் பார்த்தால் கை அசந்துபோகும். ஆனால் இதுவும் ஒரு சூத்திரமாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். பழைய கார் என்றாலே கொட்டகையில் கைவிடப்பட்ட கார். மாமாவோ தினம் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் கிழிந்த பனியனுமாக வந்து நிற்பார். துருவை வளரவே விடமாட்டார். வண்டி பளபளவென்றுதான் இருக்கும். ஹார்ன் அடிக்காது, ஒரு கண்ணாடி இறங்காது, அது வேறு விஷயம். பராமரிக்கப்பட்ட பழசை எப்படிக் காட்டுவது என்று எந்தச் செய்முறையிலும் நான் பார்க்கவில்லை. பொடியை ஒதுக்கிவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே செய்வது என்று முடிவு கட்டினேன். அது நேர்மையான முடிவு என்று ரெண்டு மாசம் நம்பினேன்.

போன தை மாசம் அதை அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மாமா போய் நாலு வருஷம் ஆகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரெண்டு கதவைப் பார்த்ததும், புடவையோடு முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏறின கஷ்டத்தைச் சொல்லிச் சிரித்தார். (இந்த மாதிரிக் கஷ்டங்களுக்காகத்தான் இங்கே தனியாக நாலு கதவு ஹெரால்டே வந்தது.) அப்புறம் கேட்டார்:

"எல்லாம் இருக்கு தம்பி. இடது பக்கம் ஒடுக்கு எங்க?"

1989ல், பதினேழு வயசில், மாமா தூங்கும்போது சாவியை எடுத்து நான் வண்டியை வெளியே விட்டேன். கேட் தூணில் இடது முன் மட்கார்டு இடித்தது. ஹெரால்டுக்கு மட்கார்டும் பானெட்டும் ஒரே உருப்படியாக முன்பக்கம் சாய்ந்து, முதலை வாய் மாதிரித் திறக்கும். இடித்த பிறகு அது சரியாக மூடவில்லை. மாமா பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தான் இடித்ததாக வீட்டில் சொன்னார். தட்டி எடுக்கவும் இல்லை. அதோடுதான் விற்றார்.

"மாமா இடிச்சதுதானே அத்தை" என்றேன், ஐம்பது வயசுக்கு மேல்.

"அப்படித்தான் சொன்னாரு. நீ அன்னைக்கு ராத்திரி சோறு திங்காம படுத்திருந்த" என்றார். மாடலை என் கையில் கொடுத்துவிட்டு காபி போட எழுந்து போனார்.

ஆகவே என் மாடலைப் பற்றி என் விமர்சனம் இது: இடுக்கு தடிமன், பின் சக்கரம் தப்பு, இரண்டும் கை வராத குறை. மட்கார்டு அப்படி இல்லை. அது நான் தெரிந்தே விட்டது. 'தொழிற்சாலை நிலை' என்ற கோட்பாட்டை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணமும் அந்த மட்கார்டுதான் என்று இப்போது படுகிறது.

நிஜத்தில் ஒடுக்கு ஒரு சாண் இருக்காது. 16 சென்டிமீட்டர் என்று வைத்தால் மாடலில் 5 மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கை உள்பக்கமாகச் சுரண்டி மெலிதாக்கி, விளக்கில் காட்டின ஸ்பூனின் முதுகால் அழுத்த வேண்டும். வீணான ஒரு துண்டில் பழகிப் பார்த்தேன். முதல் தடவை ஓட்டையே விழுந்துவிட்டது. மூணாவது தடவை பரவாயில்லை. பூசின பெயின்டை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். பானெட்டையும் இடது பக்கம் ஒரு மயிரிழை தூக்கி ஒட்ட வேண்டும்.