தப்பான வரிசையில் கேட்ட சாக்ஸஃபோன்

சார்லி மரியானோவை நான் கடைசியிலிருந்து முதலுக்குக் கேட்டவன். அதனால் அவரைப் பற்றி ஒரு பொய்க்கதையை மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யைச் சொன்னவர் யாருமில்லை, நானேதான்.

முதலில் கேட்டது கம்பெனி பஸ்ஸில். நைட் ஷிஃப்ட் முடிந்து ஓரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரி திரும்புகிற நேரம். ஆடி மாசம். ரோட்டோரக் கோயில்களில் எல்லாம் குழாய் கட்டியிருந்தார்கள். காதில் எபர்ஹார்ட் வெபரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது. 1975-ல் பதிவான இ.சி.எம். ஆல்பம். வெபர் ஜெர்மன்காரர், பேஸ் வாசிப்பவர். ரெய்னர் ப்ரூனிங்ஹவுஸ் எலக்ட்ரிக் பியானோவில் ஒரே சுற்றைச் சுற்றிச் சுற்றி வாசிக்க, யான் கிறிஸ்டென்சன் சிம்பலை மழைத்தூறல் மாதிரி தட்டிக்கொண்டிருக்கிறார். 'சாண்ட்-கிளாஸ்' என்ற நீண்ட ட்ராக். திடீரென்று உள்ளே நாயனம்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே பார்த்தேன். குழாயில் எல்.ஆர். ஈஸ்வரி. சத்தம் வெளியே இல்லை, காதுக்குள்ளேதான்.

அன்று ராத்திரி விவரம் பார்த்தேன். சார்லி மரியானோ: சோப்ரானோ சாக்ஸஃபோன், ஷெனாய், நாகஸ்வரம். நான் கேட்டது இரண்டில் எது என்று அப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் 'நாகஸ்வரம்' என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. (நாதஸ்வரமா நாகஸ்வரமா என்று நம்மிடையே தீராத சண்டை. ஜெர்மன் இசைத்தட்டுக்காரர்கள் நாகஸ்வரம் என்று அச்சடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் 'மேளம்' என்றால் இரண்டும் அதற்குள் அடக்கம்.)

மரியானோ 1923-ல் பாஸ்டனில் பிறந்தவர். பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். சார்லி பார்க்கரைக் கேட்டுத் திரும்பிய தலைமுறை. 1950களின் நடுவில் ஸ்டேன் கென்டனின் பெரிய ஆர்கெஸ்ட்ராவில் ஆல்டோ வாசித்தார், பிறகு ஷெல்லி மேனின் குழுவில். பாஸ்டனுக்குத் திரும்பி பெர்க்லியில் பாடம் நடத்தினார். ஜப்பானியப் பியானோக் கலைஞர் டோஷிகோ அகியோஷியை மணந்து, அவரோடு சேர்ந்து ஒரு குவார்டெட் நடத்தினார். 1960களின் பின்பாதியில் வேலைக்காக மலேசியா போனார், கோலாலம்பூரில் வானொலி இசைக்குழுவோடு. நாகஸ்வரம் அவர் காதில் விழுந்தது அங்கேதான். அப்புறம் தென்னிந்தியாவுக்கே வந்து தங்கிக் கற்றுக்கொண்டார். 70களில் ஐரோப்பாவில் குடியேறி, கடைசியில் கொலோன் நகரத்துக்காரராகி, 2009 ஜூனில் அங்கேயே காலமானார்.

இதில் கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் மலேசியா. 'அமெரிக்கர் ஒருவர் தஞ்சாவூர்க் கலையைத் தேடி வந்தார்' என்று எழுதத்தான் நம் கை போகும். ஆனால் அந்த வாத்தியம் முதலில் அவரைச் சென்றடைந்தது தஞ்சாவூரிலிருந்து அல்ல. தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் கூலியாகக் கப்பலேறிப் போனவர்கள் தங்களோடு கொண்டுபோன கோயிலும் கல்யாணமும்தான் நாயனத்தை அங்கே வைத்திருந்தன. ஒரு ஜாஸ்காரர் காதுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சபாக்கள் இல்லை.

இனி சேகரிப்புக் கதை. மரியானோவைச் சேகரிப்பது என்றால் பாதி நேரம் மற்றவர்கள் பெயரில் தேடுவது. கென்டனின் 'கன்டெம்பரரி கான்செப்ட்ஸ்' ஆல்பத்தில் 'ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்' முழுக்க அவருடைய மேடை, ஆனால் அட்டையில் பெயர் கென்டன். வெபரின் 'கலர்ஸ்' குழு, ஜெர்மனியின் 'எம்ப்ரியோ', யாஸ்பர் வான்ட் ஹோஃபுடன் 'போர்க் பை' என்று எல்லா இடத்திலும் இருக்கிறார், எங்கேயும் வீட்டுக்காரராக இல்லை. சொந்தப் பெயரில் வந்தவை பல நாட்டு, பல கம்பெனி லேபிள்களில் சிதறிக் கிடக்கின்றன. அவ்வளவு பெரிய வாசிப்புக்காரர் ஏன் அவ்வளவாகத் தெரியாதவர் என்றால், என் கணக்கில் பாதிக் காரணம் இதுதான். ஒரு ஷெல்ஃபில் அடுக்க முடியாத கலைஞர்.

'ஹெலன் ட்வெல்வ் ட்ரீஸ்' எனக்குக் கிடைத்த விதம் வேறு. 1976-ல் எம்.பி.எஸ். வெளியிட்டது. எங்கள் கம்பெனிக்குப் புது லைன் கமிஷனிங்குக்காக வந்த ஒரு ஜெர்மன் இன்ஜினியரிடம் டீ பிரேக்கில் மரியானோ பேரைச் சொன்னேன். மனுஷன் ஒரு நிமிஷம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லீவுக்குப் போய்த் திரும்பும்போது அவருடைய அப்பாவின் எல்.பி.யையே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். என்னிடம் பிளேயர் இல்லை. திருவல்லிக்கேணியில் ஒரு நண்பர் வீட்டுக்கு பஸ் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போய்த்தான் கேட்டேன்.

பெரிய எதிர்பார்ப்போடு போனேன். ஜாக் ப்ரூஸ் பேஸ், யான் ஹாமர் கீபோர்டு, போலந்துக்காரர் ஸிபிக்னியெஃப் சைஃபர்ட் வயலின், ஜான் மார்ஷல் ட்ரம்ஸ். ஒரு ட்ராக்கின் பெயரே 'பார்வதியின் நடனம்'. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்த ஆல்பத்தில் நாகஸ்வரம் ஒரு விருந்தாளி. வருகிறது, ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடிக்கிறது, கீழிருந்து மேலே இழுக்கிறது, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், போய்விடுகிறது. நம் காதுக்கு அது ராகத்தின் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராத ஆள் மாதிரி. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியோடு ஒப்பிடுவது அநியாயம். ஆனால் ஒப்பிடாமல் இருக்க நமக்கு முடியாது, அதை மறைப்பானேன். அதே ஆல்பத்தில் அவர் சாக்ஸஃபோனை எடுக்கும்போதுதான் பின்கழுத்து சிலிர்க்கிறது. ஸ்வரத்தின் நட்டநடுவில் அடிக்காமல், கொஞ்சம் கீழே தொடங்கி, அழுத்தி, ஏறி, விளிம்பில் உடைகிற மாதிரி நிறுத்துகிற ஒரு குரல். தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிற அழுகை.

இங்கேதான் என் கதை உருவானது. 'இந்த அழுகையை அவருக்கு நாகஸ்வரம் கொடுத்தது.' தர்க்கம் சுத்தமாகத்தான் இருந்தது. சாக்ஸஃபோனின் ரீடு ஒற்றை, அதைத் தாங்க ஒரு மவுத்பீஸ் இருக்கிறது. நாயனத்தின் சீவாளி இரட்டை, நேராக உதட்டுக்குள். ஏழு விரல் துளைகள், சாவி எதுவும் கிடையாது. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் உள்ளதை எல்லாம் மூச்சாலும் உதட்டாலும் விரலைப் பாதி திறந்தும் நாமேதான் உண்டாக்க வேண்டும். அதை மாதக்கணக்கில் ஊதியவன் திரும்பி சாக்ஸஃபோனை எடுத்தால் வாசிப்பு மாறாதா? டோஷிகோவுடன் கேன்டிட் லேபிளுக்காக 1960 டிசம்பரில் பதிவு செய்த குவார்டெட் ஆல்பத்தைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டேன். அதில் ஆல்டோ பளிச்சென்று, பார்க்கர் பாட்டையில், துல்லியமாக ஓடுகிறது. அது 'முன்', இது 'பின்'. நடுவில் நம்ம நாயனம். நண்பர்களிடம் சொன்னேன், எல்லோருக்கும் பிடித்தது. பிடிக்காதா பின்னே!

அப்புறம் மிங்கஸ் வந்தார்.

'தி பிளாக் செயிண்ட் அண்ட் தி சின்னர் லேடி', இம்பல்ஸ் லேபிள், 1963. சார்ல்ஸ் மிங்கஸின் தலைசிறந்த வேலை என்று பலர் சொல்வது. ஆல்பத்தின் அட்டைக்குறிப்பில் ஒரு பகுதியைத் தன்னுடைய உளவியலாளரை விட்டு எழுதவைத்த மனுஷன் அவர். பதினொரு பேர் கொண்ட குழு, கலைந்து கலைந்து கூடுகிற கூட்டம் மாதிரி ஒரு இசை. அதற்கு மேலே ஓர் ஆல்டோ எழுந்து கதறுகிறது. யாரென்று பார்த்தால் மரியானோ. மலேசியாவுக்குப் போவதற்குச் சில வருஷம் முன்னால். நாகஸ்வரம் என்ற பெயர் அவர் வாழ்க்கைக்குள் வருவதற்கு முன்னால். கீழிருந்து இழுத்து ஏறுவது, விளிம்பில் உடைவது, எல்லாம் இருக்கிறது. சொல்லப்போனால் 76-ஐ விடக் கூடுதலாக இருக்கிறது.

இதை முதலில் கேட்டிருந்தால் அந்தக் கதையே பிறந்திருக்காது. ஜாஸ் கேட்பவர்கள் பொதுவாக மரியானோவுக்குள் நுழைவதே இந்த ஆல்பம் வழியாகத்தான். நான் பின்வாசலில் நுழைந்து, வீட்டையே தலைகீழாகப் படம் போட்டு வைத்திருந்தேன். கேட்டு முடித்த அன்று எரிச்சலாக இருந்தது. ஏதோ என் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி.

ஆனால் இப்போது நினைத்தால், பிடுங்கப்பட்டதற்குப் பதிலாகக் கிடைத்தது பெரிசு. நாகஸ்வரம் அவருக்கு அந்தக் குரலைக் கொடுக்கவில்லை. அந்தக் குரல் ஏற்கெனவே அவரிடம் இருந்தது, மிங்கஸின் புயலுக்குள் நின்று கண்டெடுத்தது. அதனால்தான் கோலாலம்பூரில் நாயனம் காதில் விழுந்தபோது நாற்பதைத் தாண்டிய, பேரெடுத்த வாத்தியக்காரர் ஒருவர் நின்று கேட்டிருக்கிறார். அது அவருக்கு அந்நியமாகப் படவில்லை, தான் தேடிக்கொண்டிருந்ததை ஒரு மரக்குழாய் பல தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. இது என் வாசிப்பு. பதிவுகளின் தேதிகள் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. முந்தைய கதையில் நாம் கொடுப்பவர்கள், அவர் வாங்கிக்கொள்பவர். நாம் சந்தோஷப்பட்டது அதற்காகத்தான், இசைக்காக இல்லை.

எதிர்த்திசையிலிருந்து வந்தவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). அப்பா நாகஸ்வரக்காரர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கேட்டு அதைப் பிடித்துக்கொண்டார். கமகத்துக்கு வளையாத கருவியை வளைக்க அதன் சாவிகளையே மாற்றியமைத்தார். 1994-ல் 'டூயட்' படத்தில் பிரபு வாசிப்பதாக நாம் பார்த்தது அவருடைய மூச்சு. மரியானோவையும் கத்ரியையும் கண்ணாடி பிம்பங்களாக வைத்து எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சரிப்படாது. கத்ரி ஒரு முழு வாழ்க்கையை அந்த மாற்றத்துக்குக் கொடுத்தார், கச்சேரிக்குக் கச்சேரி ராகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. மரியானோவுக்கு நாகஸ்வரம் ஒரு வாசல் மட்டும்.

அவருக்கே அது தெரிந்திருந்தது என்பதற்கு என்னிடம் உள்ள ஆதாரம் 'ஜோதி'. 1983, இ.சி.எம். பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்க்கஷன் குழுவோடு செய்தது. ஆர்.ஏ. ரமாமணி குரல், டி.ஏ.எஸ். மணி மிருதங்கம், கடமும் மோர்சிங்கும் ஆர்.ஏ. ராஜகோபால், கஞ்சிரா டி.என். சசிகுமார். கர்நாடக சங்கீதக்காரர்கள் நால்வருக்கு நடுவில் ஓர் அமெரிக்கர். நாகஸ்வரத்தை எடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? எடுக்கவில்லை. சாக்ஸஃபோன், புல்லாங்குழல், அவ்வளவுதான். ராக் ட்ரம்ஸுக்கும் எலக்ட்ரிக் பியானோவுக்கும் நடுவில் நாயனம் ஊதியவர், நாயனம் தெரிந்தவர்கள் நடுவில் தன் வாத்தியத்தோடு உட்கார்ந்துவிட்டார். ஆல்பம் ரமாமணியின் தனிக்குரலோடு தொடங்குகிறது. அதற்குப் பின் அவர் நுழையும்போது பக்கவாத்திய வயலின்காரர்போல் ஒதுங்கி, குரல் விட்ட இடத்தைத் தொட்டு, திருப்பிக் கொடுத்து வாசிக்கிறார். ஜதி சொல்லும் இடங்களில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார். ஒரு ஜாஸ்காரருக்கு இது லேசான காரியமில்லை. அவருடைய மொத்தப் பதிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால், 'பிளாக் செயிண்ட்' மிங்கஸுடையது என்பதால், 'ஜோதி'யை வைத்துக்கொள்வேன்.

போன தை மாசம் எங்கள் பக்கம் ஒரு கல்யாணத்தில், முகூர்த்தத்துக்கு முன்னால் ஓய்வாக இருந்த நாயனக்காரர் ஒருவரிடம் போனை நீட்டி 'சாண்ட்-கிளாஸ்' போட்டேன். அறுபது வயசு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வெள்ளைக்காரரா ஊதுறது?"

"ஆமாங்கய்யா. அமெரிக்கா."

"காத்து நல்லா இருக்கு. ஒத்து யாரு போடுறா?"

ஒத்து இல்லை, அந்த பேஸ்தான் கூட வருகிறது என்று காட்டினேன். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"இல்ல தம்பி. ஒத்துன்னா ஒரே எடத்துல நிக்கணும். இது எங்கியோ போயிட்டுப் போயிட்டு வருதே. பாவம், அவரும் கூடவே ஓட வேண்டியிருக்கு."

மேற்கத்திய ஹார்மனியில் ராகத்தை வைத்தால் என்ன ஆகும் என்று நான் படித்த எந்தக் கட்டுரையும் இதை இவ்வளவு சீக்கிரம் சொன்னதில்லை. நிற்கிற ஸட்ஜத்தின் மேல்தான் வளைவுக்கு அர்த்தம். கீழே தரையே நகர்ந்தால் வளைவு வெறும் சாயம் ஆகிவிடும். 'ஹெலன் ட்வெல்வ் ட்ரீஸி'ல் எனக்குக் குறையாகப்பட்டது இதுதான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

'ஜோதி'யையும் போட்டுக் காட்டலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன், அதில் தம்பூரா நிற்கிறது. அதற்குள் தவில்காரர் கூப்பிட்டுவிட்டார். பெரியவர் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே எழுந்தார்.

"சாயந்தரம் ரிசப்ஷனுக்கு நாங்க இல்ல தம்பி, பேண்டு செட்டு வருது," என்றார். "அதுல சாக்ஸபோன் ஊதுற பையன் இருக்கான். அவன்கிட்ட போட்டுக் காட்டு."