கைவினைஞனும் கலை வரலாற்றாசிரியனும்: ஆனந்த குமாரசுவாமி பற்றிய ஒரு மறுநோக்கு

எம்மிடையே அடிக்கடி உச்சரிக்கப்படுவதும் மிக அரிதாகவே வாசிக்கப்படுவதுமான பெயர்களுள் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் முதன்மையானது. கொழும்பிலே முன்னர் கிறீன் பாத் என வழங்கிய தெரு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அத்தெருவோரத்திலேதான் 1993ஆம் ஆண்டிலே தொடங்கிய ஓவியச் சந்தை கூடுகின்றது. ஓவியர் தம் படங்களைச் சாய்த்து வைத்துவிட்டு வாங்குவோர் முகம் பார்த்து நிற்பர். கலைஞன் ஏனைய உழைப்பாளரினின்றும் பிரிந்து நிற்கும் தனிப்பிறவி என்ற கருத்தையும், கலைப்பொருள் சுவரிலே தொங்கும் அலங்காரச் சரக்கு என்ற கருத்தையும் வாழ்நாள் முழுவதும் மறுத்த ஒருவரின் பெயரை இதற்கு வைத்தது தற்செயலே எனினும், பொருத்தமான தற்செயல் என்றே நாம் கொள்கின்றோம்.

எமது ஆய்வுலகிலே குமாரசுவாமி இருவகையாகக் கையாளப்பட்டுள்ளார். பண்பாட்டுப் பெருமை பேசுவோர், 1918இல் வெளிவந்த 'சிவ நடனம்' என்னும் கட்டுரைத் தொகுதியின் ஆசிரியராக மட்டும் அவரைக் கண்டு, மேனாட்டார் வியந்த தமிழர் என்ற பட்டத்தைச் சூட்டி அமைதி கொள்கின்றனர். முற்போக்கு விமர்சகரோ அவரைக் கருத்துமுதல்வாதி என ஒரு சொல்லால் விலக்கி விடுகின்றனர். இவ்விரண்டாவது தவறுக்கு நாமும் விலக்கல்லோம். ஆயின் அவரது முதற் பெருநூலைப் படித்தவர் எவரும் இவ்வளவு எளிதாக அவரைக் கடந்துபோதல் இயலாது.

வாழ்க்கைச் செய்திகளைச் சுருக்கமாகவே இங்கு தருகின்றோம். 1877 ஆகஸ்ட் 22ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. வடமராட்சியைப் பூர்வீகமாகக் கொண்டு, கொழும்பிலே முதலியார் பட்டமும் சட்டசபை உறுப்புரிமையும் பெற்று உயர்ந்த குடும்பம் அது. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் முத்துக் குமாரசுவாமியின் சகோதரி மக்களாவர். 1879இல் தந்தை இறக்க, மகன் இங்கிலாந்திலே வளர்ந்தார். லண்டனிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் பணிப்பாளராயிருந்தார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்து கூறியவரும் இவரே. கலை வரலாற்றாசிரியரின் வாழ்விலே இது ஒரு விநோதமான முன்னுரை என்று கருதுவோர் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. படையின் மேற் படையாகப் படிந்த பாறையைப் பார்த்துப் பழகிய கண், பின்னர் ஒரு பூட்டையும் பாயையும் பானையையும் பார்த்தபோது, அவற்றின் கீழே படிந்திருந்த சமூகத்தையும் சேர்த்தே கண்டது.

கனிப்பொருள் தேடிக் கண்டிப் பிரதேசக் கிராமங்களிலே திரிந்த அந்நான்காண்டுக் காலத்திற் சேகரித்த செய்திகளே 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலாயின. உடன் சென்ற மனைவியார் எதெல் புகைப்படங்கள் எடுத்தார். குமாரசுவாமியை ஓவியர் என எவரும் அழைப்பதில்லை. ஆயினும் அந்நூலின் வரைபடங்களுட் பல அவர் கையால் எழுந்தவை. வரைந்து பார்த்தவனுக்கே ஒரு கோடு எங்கே திரும்புகின்றது, ஏன் திரும்புகின்றது என்பது விளங்கும். நூலின் வலிமையிற் பாதி அங்கிருந்து வருகின்றது என்பது எமது எண்ணம்.

நூலின் துணைத் தலைப்பு கவனத்துக்குரியது. சமூகத்தின் அமைப்பு, கைவினைஞரின் நிலை ஆகியன பற்றிய விளக்கமும் அதில் அடங்கும் என அத்தலைப்பே அறிவிக்கின்றது. கீழைத்தேயக் கலையைப் பற்றி மேனாட்டார் எழுதியன பெரும்பாலும் அரச வமிசங்களையும் பாணிகளையும் வரிசைப்படுத்திய காலத்திலே, நிலவுரிமையிலிருந்து தொடங்கிய நூல் இது. கண்டி இராச்சியத்துக் கைவினைஞன் சந்தைக்காக உழைத்தவனல்லன். அரசனுக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ பிரபுவுக்கோ செய்ய வேண்டிய கடமைக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தான். தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. அளவும் இலக்கணமும் அவ்வாறே சென்றன. 1832இல் இராஜகாரிய முறை நீக்கப்பட்டமையும், கோப்பித் தோட்டங்களும், இறக்குமதித் துணியும் சாயமும் சேர்ந்து இவ்வமைப்பைத் தகர்த்தன. கலையின் வீழ்ச்சியை இரசனையின் வீழ்ச்சியாகக் கூறாது, உழைப்பு அமைந்திருந்த முறையின் தகர்வாகக் கூறியமையே இந்நூலின் சாதனை. உற்பத்தி உறவுகள் என்ற சொற்றொடரை அவர் கையாளவில்லை. ஆனாற் கண்டது அதனையே.

எனினும் கண்டதில் ஒரு பாதியையே அவர் எடுத்துரைத்தார். நிலம் தந்த பாதுகாப்பை விரிவாகக் கூறியவர், அந்நிலத்தோடு கைவினைஞனைப் பிணைத்த கட்டாயத்தைப் பாதுகாப்பின் நிழலாக மட்டும் காட்டிச் செல்கின்றார். நிலமானிய அமைப்பு அவரது பக்கங்களிலே ஏறத்தாழ ஒரு குடும்பமாகி விடுகின்றது. இக்குறைக்கு மூலம் எது? வில்லியம் மொறிசிடமிருந்து அவர் எதனைப் பெற்றார், எதனை விட்டார் என்பதிலேயே விடை உள்ளது.

மொறிஸ் 1896இல் இறந்தபோது குமாரசுவாமிக்கு வயது பத்தொன்பது. இயந்திரத்தின் அழகின்மையையும் உழைப்பில் மகிழ்ச்சி அற்றுப்போனமையையும் மொறிஸ் கண்டித்தார். அக்கண்டனமே அவரைத் தொழிலாளர் கூட்டங்களுக்கும் சோசலிசத்துக்கும் இட்டுச் சென்றது. குமாரசுவாமி கண்டனத்தை முழுமையாக ஏற்றார், கூட்டங்களுக்குப் போகவில்லை. மொறிசின் அச்சுப் பொறியை மட்டும் தமதாக்கிக்கொண்டார். ஆம், சொல்லின் நேர்ப் பொருளிலேயே. மொறிசின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்துப் பொறியிலே, இங்கிலாந்தின் புரோட் கம்டன் என்னும் ஊரிலிருந்த தமது இல்லத்திலே, 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை அந்நூல் கையால் அச்சிடப்பட்டது. படிகள் 425. அயற்கிராமத்திலே ஆஷ்பி என்பார் நடத்திவந்த கைவினைஞர் சங்கம், ஆலைப் பொருள்களோடு போட்டியிட இயலாது நொடித்துக்கொண்டிருந்த காலமும் அதுவே. கண்டிக் கைவினைஞனின் அழிவைப் பற்றிய நூல் அச்சேறிக்கொண்டிருக்கையில் ஆங்கிலக் கைவினைஞன் அடுத்த தெருவிலே வேலையிழந்தான். நல்லெண்ணங் கொண்டோர் சிலர் கூடி முதலாளித்துவத்தின் ஓரத்திலே ஒரு தீவினை அமைத்துவிடலாம் என்னும் நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

அதே ஆண்டுகளிலே கொழும்பில் நிகழ்ந்த ஒன்றினை இங்கு நினைவுகூர்தல் தகும். கொட்டாஞ்சேனைப் பகுதியிலே பொன்னம்பல முதலியார் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயிலை 1907 முதல் 1912 வரையான காலத்திலே இராமநாதன் கருங்கற் கோயிலாக மீண்டும் எழுப்புவித்தார். குமாரசுவாமி ஏட்டிலே இரங்கிய மரபு, மைத்துனர் பொருட்செலவிலே உளியோசையோடு உயிர்த்திருந்தது. தூண்களிலே உழைத்தவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஸ்தபதிகளும் சிற்பிகளுமாவர். கோயிலைப் புகழ்வோர் வாயில் இராமநாதன் பெயர் வருகின்றது. சிற்பியின் பெயர் வருவதில்லை. மரபுக் கலைஞன் தன் பெயரைப் பொறிக்காமையை அகந்தையழிந்த நிலையாகக் குமாரசுவாமி போற்றுவார். பெயரிடாது விடுதல் ஒன்று; பெயரிட உரிமையில்லாதிருத்தல் மற்றொன்று. புரவலன் பெயர் மாத்திரம் தப்பாமற் கல்லிலும் நினைவிலும் நிலைத்துவிடுகின்ற ஒரு சமூகத்திலே இவ்விரண்டையும் ஒன்றாக்குதல் நேர்மையாகாது.

வெள்ளவத்தை வேறொரு கதையைச் சொல்லும். அங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே எழுந்த நூற்பு நெசவாலையிலே தமிழரும் மலையாளிகளும் சிங்களவரும் உழைத்தனர். 1933ஆம் ஆண்டு அவ்வாலையில் எழுந்த வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொடக்க நிகழ்ச்சிகளுள் ஒன்று, கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் தொழிலாளர் பக்கம் நின்றனர். கைத்தறியைப் பற்றி இத்துணை அழகாக எழுதிய குமாரசுவாமியின் எழுத்திலே இவ்வாலைத் தொழிலாளி ஒரு மனிதனாக இடம்பெறவில்லை. தொழிற்சாலை அவருக்குப் பாவத்தின் உறைவிடம். அதனுள்ளே புதியதொரு வர்க்கம் உருவாகிக்கொண்டிருந்ததை அவர் காணவில்லை. ஆலையும் இன்று இல்லை. அந்நிலத்திலே மாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. நெசவாளனைப் பாடியவரும் சரி, ஆலைத் தொழிலாளியைப் பாடிய நாமும் சரி, நிலத்தின் விலை இவ்வளவு ஏறும் என எதிர்பார்த்திருக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். 1905இல் 'இரவற் சிறகுகள்' என்னும் சிறு பிரசுரத்திலே ஐரோப்பிய உடையைப் போலி செய்வோரை இகழ்ந்தவர், 1912இல் வெளியான 'கலையும் சுதேசியமும்' என்னும் நூலிலே தேசியவாதிகளையே நோக்கிக் கேள்வி எழுப்பினார். மன்செஸ்டரின் ஆலையைப் பம்பாய்க்கு மாற்றிவிட்டால் அது விடுதலையாகுமா என்பதே அவ்வினாவின் சாரம். இரவி வர்மாவின் படங்களிலே இந்தியப் பெயர் பூண்ட மேனாட்டு நாடகக் காட்சிகளையே கண்டார். அப்படங்களின் வழிவந்த நாட்காட்டித் தெய்வங்கள் எமது வீடுகள் அனைத்திலும் குடிகொண்டிருக்கையில் இக்கூற்று இன்னும் உறுத்துகின்றது. தேசிய முதலாளியின் நலனும் தேசத்தின் நலனும் ஒன்றல்ல என்பதை, அவருக்குப் பின்வந்த பலரினும் அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

1917இல் அவரது சேகரிப்பு பொஸ்ரன் நுண்கலை நூதனசாலைக்குச் சென்றது. டென்மன் றொஸ் என்னும் செல்வர் விலைகொடுத்தார். குமாரசுவாமியும் அங்கேயே இந்தியக் கலைப் பகுதியின் பொறுப்பாளரானார். 1927இல் வெளிவந்த இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு ஜெர்மன் மொழியிலும் லைப்சிக் நகரில் வெளியாயிற்று. பெருந்தகவல் நூல் அது. அதன் பின்னர் அவர் எழுத்து திசைமாறியது. 1934ஆம் ஆண்டின் 'கலையில் இயற்கையின் உருமாற்றம்' என்னும் நூலிலே சுக்கிரநீதியும் ஜெர்மானிய ஞானி எக்கார்ட்டும் அருகருகே அமர்கின்றனர். கண்டிக் கொல்லன் மறைந்துவிடுகிறான். நூதனசாலையின் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருளுக்கு ஊரும் நிலமும் இல்லை. அதற்கு எஞ்சுவது தத்துவம் மட்டுமே. அவரது பிற்காலக் கருத்துமுதல்வாதத்துக்கு எக்கார்ட்டைக் காட்டிலும் அந்தக் கண்ணாடியே பெரிதும் பொறுப்பு என நாம் கருதுகின்றோம்.

இறுதிக்காலக் கட்டுரைகளிலே இந்நோக்கு சமூகக் கொள்கையாக இறுகியது. சாதியமைப்பை அவரவர் சுபாவத்துக்கேற்ற தொழிலின் ஒழுங்காக விளக்கினார். எழுத்தறிவைப் பூச்சாண்டி என்றார். வாய்மொழி மரபிலே வாழ்ந்த மக்களின் பண்பாட்டை அச்செழுத்து அழிக்கின்றது என்பது வாதம். கிராமியப் பாடலையும் கூத்தையும் அறிந்த எவரும் அவ்வாதத்தில் உண்மையே இல்லை என்னார். ஆயின் யாழ்ப்பாணத்திலே பள்ளிக்கூடத்தின் படியேற விடப்படாதவர்கள் இருந்தனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உள்ளே செல்லும் உரிமை கேட்டு மனிதர் காத்திருந்தனர். கோயிலுக்குப் பொருள் செய்து கொடுத்த கையுடையோரும் அக்கோயிலினுள்ளே நுழைதல் கூடாது என்பது, சுபாவத்தின் ஒழுங்கு என்ற விளக்கத்துள் எங்கே அடங்கும்? மசாசுசெற்சிலிருந்து எழுதியவருக்கு இவ்வினா எட்டியிருக்க நியாயமில்லை. அவரை மேற்கோள் காட்டி இங்கிருந்து எழுதுவோருக்கு அந்தச் சலுகை இல்லை.

1947 செப்டெம்பர் 9ஆந் திகதி அவர் மறைந்தார். அவரைப் பற்றிய குறிப்புகளையெல்லாம் வாழ்நாட் பணியாகத் திரட்டியவர் மலேசியத் தமிழரான துரைராஜசிங்கம். பல்கலைக்கழகங்கள் செய்யாததை ஒரு பள்ளியாசிரியர் செய்தார்.

எமது நாட்டிலே தொல்பொருளும் சிற்பமும் இனங்களின் உரித்துப் பத்திரங்களாகப் படிக்கப்படும் நிலையிலே, முதல் நூலின் முறையே எமக்கு வேண்டுவது. கடலாதெனியா விகாரையை 1344இல் அமைத்த தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி என்னும் தென்னிந்தியன். கட்டுவித்தவர் பௌத்த பிக்கு; கட்டடப் பாணியோ தென்னாட்டுக் கோயிற் பாணி. அது யாருடையது என்று கேட்பவருக்குக் கல் விடை கூறாது. யார் உழைத்தார், என்ன பெற்றார், அளவுகோலை எவரிடம் கற்றார் என்று கேட்டால் விடை கிடைக்கும். யாழ்ப்பாணத்துத் தேர்த் தச்சரையும் வாகனம் செய்வோரையும், மட்டக்களப்பு நெசவாளரையும், கொட்டாஞ்சேனைத் தூண்களைச் செதுக்கியோரின் வழிவந்தோரையும் பற்றி அத்தகைய நூல் எழுதப்படவேண்டியுள்ளது. மரம் யாருடையது, முற்பணம் யார் தந்தார், சித்திரத்தின் அளவுப் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, மகன் தொழிலை விட்டு எந்த நாட்டுக்குப் போனான் என்ற கேள்விகளோடு ஒரு பட்டறைக்குள் நுழையும் மாணவர் முதலிற் படிக்கவேண்டிய நூல் 1908ஆம் ஆண்டின் அந்நூலே.