கசாப்புக்காரர் கட்டிய ஓக் வீடு

ஸ்ட்ராட்ஃபர்டு-அப்பான்-ஏவனில் எல்லாரும் ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைத் தேடிப் போவார்கள். என் ஓட்டு ஹை ஸ்ட்ரீட்டில் ஒடுங்கி நிமிர்ந்து நிற்கும் ஹார்வர்டு இல்லத்துக்கு. ஊரைத் தீ தின்ற பிறகு, 1596இல், தாமஸ் ராஜர்ஸ் எழுப்பியது. தொழில், இறைச்சிக் கடை. முகப்பு மரமெல்லாம் செதுக்கல்; நடுவே ஒரு காளைத் தலை. கூடவே தன் பெயரின் முதலெழுத்துகளும் மனைவியுடையதும், ஆண்டும். காசு சேர்த்தவருக்கு அதைத் தெருவுக்குக் காட்டும் ஆசை, பாவம், இருக்காதா!

இத்தகைய வீடுகளில் சுவர் எதையும் தாங்குவதில்லை. ஓக் சட்டம்தான் தாங்குகிறது. தச்சர்கள் காயாத பச்சை ஓக்கையே இழைத்தார்கள். காய்ந்தால் உளி இறங்காது. ஒரு மரத்தின் நாக்கை இன்னொன்றின் துளையில் செருகி, குறுக்கே மரமுளை அடிப்பார்கள். மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும், மூட்டு இறுகும். பழைய ஓக் வீடுகளின் கோணல் பெரும்பாலும் அப்படி வந்ததுதான். சட்டங்களின் இடைவெளியில் குச்சிப் பின்னல். அதன்மேல் களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்த பூச்சு.

வீட்டின் பெயருக்கு வருவோம்: ராஜர்ஸின் மகள் கேத்தரினுக்குப் பிறந்தவர் ஜான் ஹார்வர்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெயரும் அவருடையதுதான்.