ஒற்றாடலும் தகவற் பாதுகாப்பு ஆராய்ச்சியும்

திருக்குறளின் 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடலில் இக்காலத் தகவற் பாதுகாப்பியல் முழுவதும் அடங்கியுள்ளதெனச் சிலர் மேடைகளிற் கூறக் கேட்கின்றோம். நூலின்மேற் கொண்ட பற்றினால் எழுந்த கூற்றாயினும், அது எத்துணைப் பொருந்துமென ஆராய்தல் தகும். அத்துறையிற் பட்டம் பெற்று ஆய்வாளராகவும் விரிவுரையாளராகவும் விளங்க விரும்பும் மாணவரும் நம்மிடையே உளராதலின், இது வெறுஞ் சொற்போராகாது.

முதற்கண் ஒற்றுமையைக் காண்போம். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக்கொண்டு ஒப்புநோக்க வேண்டுமென்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்று ஒத்தவழியே அதனைத் தெளிய வேண்டுமென்றும் வள்ளுவர் விதிக்கின்றார். இன்றைய ஆய்விதழ்களின் முறையும் இதனோடு ஒப்புமையுடையது. தமக்கு வந்த கட்டுரையை அறிஞர் சிலர் தனித்தனியே மதிப்பிட்ட பின்னரே அவை அதனை வெளியிடுகின்றன.

வேற்றுமைகளோ அடிப்படையானவை. குடிகள் யாவரிடத்தும் நிகழ்வனவற்றை நாடோறும் விரைந்தறிதல் அரசன் கடமை என்கின்றது இவ்வதிகாரம். இக்காலத் துறையோ ஆள்வோரிடமிருந்தும் வணிகரிடமிருந்தும் தனிமனிதனின் தகவலைக் காத்தலையும் தன் கடனாகக் கொள்வது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் இந்நோக்கம் பற்றியே.

மேலும், ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறரறியச் செய்யின் மறை வெளிப்படும் என்பது வள்ளுவர் கருத்து. ஆராய்ச்சியாளனோ தன் முடிபைப் பலரறிய வெளியிட்டு, அதன் குறையைப் பிறர் எடுத்துக்காட்ட இடந்தந்தே சிறப்பெய்துகின்றான். பாரிசில் மொழியாசிரியராயிருந்த கெர்க்கோப்சு என்பார், 1883இல் வெளியிட்ட கட்டுரையில், மறையெழுத்து முறையொன்று பகைவர் கையகப்படினும் தீங்கு விளையாவண்ணம் அமைதல் வேண்டுமென வற்புறுத்தினார். காக்கப்பட வேண்டியது திறவுகோலே. முறை வெளிப்படையாயின் பலரும் அதனைச் சோதித்துத் திருத்தலாமன்றோ?

இனி, தகவலுக்குக் கேடு ஒற்றரால் மட்டும் வருவதன்று. 2023இல் கப்பங்கோரும் தீநிரலொன்று இலங்கை அரசின் மின்னஞ்சற் றொகுதியைத் தாக்கியபோது, மே முதல் ஓகத்து வரையுள்ள மடல்கள் காப்பு நகலின்மையால் இழக்கப்பட்டன. இத்தகைய இழப்புக்கு ஏதுவாகும் நிருவாகக் குறைகளை ஆராய்வது தகவல் முறைமை இயலின் பணி. அதற்கு ஒற்றாடலில் இடமில்லை. இல்லாமை நூலுக்கு இழுக்குமன்று.

கொட்டியாரப் பற்றிலுள்ள தோப்பூர் முதலிய ஊர்களின் மாணவர்க்கு இத்துறை எட்டாததன்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் கணினி விஞ்ஞானம் பயிலலாம். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில் தகவற் பாதுகாப்பில் முதுமாணிக் கற்கை உண்டு. அதன்மேற் கலாநிதி ஆய்வும் விரிவுரையாளர் பதவியும் உள. கருவிகளை இயக்கப் பழகுதல் தொழிற்குப் போதும். ஆய்வுக்கோ புதுவினாக்களை எழுப்பும் ஆற்றல் வேண்டும். யாவும் முன்னரே கூறப்பட்டுவிட்டன என்று கற்பிக்கப்பட்ட மாணவன் அவ்வாற்றலை எங்ஙனம் பெறுவான்? ஒற்றாடலை அரசியல் நூற்பகுதியாகவே கற்பித்து, மூவர் சொல் ஒத்தபின் தெளியும் நெறியை அவன் உளங்கொளச் செய்தலே ஆசிரியர்க்குரிய பணியாம்.